அந்த ஒரு வரியைச் சொன்னவர்

ஆல்டர்ஷா, லங்காஷயர்
1959 பிப்ரவரி 2

என் அருமைத் தங்கை மகள் ஆவ்ரிலுக்கு, வில்ஃப் மாமா எழுதிக்கொண்டது.

உன் கடிதம் வந்தது. ஒரு முழு நாடகத்தையே உன் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று படித்ததும் ஐடா அத்தை அழுதுவிட்டாள். நான் அழவில்லை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே, நான் அறிவிப்பாளனாக இருக்கிற தொழிலாளர் கிளப்பில் மைக்கைப் பிடித்து அறிவித்துவிட்டேன். "பெரியோர்களே, தாய்மார்களே! என் தங்கச்சி பொண்ணு ஆவ்ரில் கிரெக்சன் லண்டன்ல டெலிவிஷன் நாடகம் இயக்கப்போறா. நாடே பாக்கப்போவுது!" கூரை ஓடு நாலு கீழே விழும் அளவுக்குக் கை தட்டினார்கள். ஸ்டான்லி பக்லி மட்டும், "பொம்பளையா? கேமராவுக்கு ஸ்வெட்டர் பின்னிப் போடவா?" என்றான். நான் பார்த்த பார்வையில் அவன் கையிலிருந்த பீர் புளித்துப்போயிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். நாடகத்தில் ஒரு பப் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். பப் என்றால் ஆட்கள் நிற்கவேண்டும். லண்டன் ஆட்களுக்கு எங்கள் ஊர் பப்பில் நிற்கத் தெரியுமா? அவர்கள் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நிற்பார்கள். நான் நின்றால் அது வேறு. பிளாக்பூலில் விளக்கெல்லாம் அணைந்தபோது இரண்டாயிரம் பேரை இருட்டிலேயே முக்கால் மணி நேரம் சிரிக்க வைத்தவன் நான். ஐடா அது பிளாக்பூல் இல்லை மொர்க்கம் என்றும், மாதாகோயில் கூடம் என்றும், மொத்தம் அறுபது பேர் என்றும் சொல்வாள். அவளுக்குக் கணக்கு எப்போதுமே வராது.

ஒரு ஓரத்தில் என்னை நிறுத்து. சம்பளம்கூட வேண்டாம். பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போகவேண்டாமா?

உன் மாமா,
வில்ஃப் டாட்டர்சால்


லண்டன்
1959 பிப்ரவரி 6

அன்புள்ள மாமா,

முடியாது. தயவுசெய்து கோபப்படாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள்.

நான் இந்தக் கம்பெனியில் தட்டச்சுப் பெண்ணாகச் சேர்ந்தேன். பிறகு இயக்குநர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக் காட்சிகளின் நேரம் எண்ணினேன். பிறகு தோட்டக்கலை நிகழ்ச்சி. இரண்டு வருடம் ரோஜாச் செடியைக் கவாத்து செய்வதை எந்தக் கோணத்தில் காட்டுவது என்று யோசித்தேன். என்னோடு சேர்ந்த பையன்கள் எல்லாரும் இன்று நாடகப் பிரிவில் இருக்கிறார்கள். இப்போது அந்தப் பிரிவின் தலைவர் பெவரல் துரை கூப்பிட்டு, "ஒரு தடவைதான், மிஸ் கிரெக்சன். நல்லா வந்தா ஒப்பந்தம். இல்லேன்னா ரோஜா உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இது நேரடி ஒளிபரப்பு மாமா. ஸ்டுடியோவில் நடிக்க நடிக்க அப்படியே வீடுகளுக்குப் போய்விடும். எதையும் திரும்ப எடுக்க முடியாது, எங்கும் பதிவாகவும் செய்யாது. நான் மாடியில் கண்ணாடி அறையில் இருப்பேன். கீழே ஒருவர் தவறு செய்தால் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

அதோடு, கூட்டத்தில் நிற்பவர்களைக்கூட நடிகர் ஏஜென்சிதான் அனுப்பவேண்டும். சொந்தக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினேன் என்று ஒருவர் சொன்னால் போதும்.

அத்தைக்கு என் முத்தங்கள்.

ஆவ்ரில்


ஆல்டர்ஷா
1959 பிப்ரவரி 10

ஆவ்ரில் கண்ணு,

கோபமா? எனக்கா? நான் கோபப்பட்டது வாழ்க்கையில் இரண்டே தடவை. இரண்டு தடவையும் பஸ் டிப்போவே மூடவேண்டியதாகிவிட்டது. உன்னிடம் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் பார்க்க வருவேன். அதைத் தடுக்க நாடாளுமன்றத்தில் சட்டம் போடவேண்டும். லண்டன் போகும் கோச் பஸ்ஸில் ஒரு இடம் சொல்லி வைத்துவிட்டேன். ஐடாவின் அக்கா மொர்க்கத்தில் படுக்கையாக இருக்கிறாள், ஐடா அங்கே போகிறாள். நான் லண்டன். அவள் உனக்காக இறைச்சி அடைத்த பலகாரம் ஒன்று சுட்டுத் தருவாள். கோச்சில் பசிக்காமல் இருந்தால் அது உன்னிடம் வந்து சேரும்.

ஒரு மூலையில் குடை மாதிரி சாத்தி வை. அசையமாட்டேன்.

வில்ஃப் மாமா


லண்டன்
1959 பிப்ரவரி 14

மாமா,

வாருங்கள். மார்ச் ஒன்று, ஞாயிறு, ஒத்திகை முடிந்த பிறகு, சாயங்காலம். வாசல் காவலரிடம் வாயால் சொல்லி வைக்கிறேன். ஸ்டுடியோ மூலையில் நாற்காலி போடச் சொல்கிறேன். அதிலேயே உட்கார்ந்திருக்கவேண்டும். யாரிடமும் நீங்கள் யார் என்று சொல்லவேண்டாம்.

ஆவ்ரில்


லண்டன்
1959 மார்ச் 2

மாமா,

நேற்று நீங்கள் கிளம்பியபோது நான் கீழே வரவில்லை. வந்திருந்தால் எல்லார் முன்னாலும் கத்தியிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

பிழை என்னுடையது என்று தெரியும். ஏஜென்சி ஆள் கேபிளில் கால் தடுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டான். ஒளிபரப்புக்கு அரை மணி நேரம்கூட இல்லை. பார் மேஜையின் கோடியில் ஒரு தொப்பிக்காரர் நின்றால்தான் அந்தக் காட்சியின் சட்டகமே நிற்கும். மூலையில் நீங்கள் தொப்பியோடு உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஓடிவந்து என்ன சொன்னேன்? "சும்மா நில்லுங்க மாமா. வாயைத் திறக்காதீங்க." வேறெதுவும் சொல்ல நேரமில்லை. கதையைக்கூடச் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். ஃப்ராங்க் ஜெயிலிலிருந்து வருகிறான். அவன் ஓட்டிய வண்டியில் அடிபட்டு ஊர்ப் பையன் ஒருவன் செத்தான். திரும்பி வந்தபின் முதல் தடவையாகத் தன் ஊர் பப்புக்குள் நுழைகிறான். எல்லாரும் பேச்சை நிறுத்துகிறார்கள். அவன் நிற்கிறான். ஒருவரும் பேசமாட்டார்கள். அவன் திரும்பி மழையில் வெளியே போகிறான். அவ்வளவுதான். அந்த மௌனத்துக்காகத்தான் நாடகமே எழுதப்பட்டது. "வீட்ல பாக்குறவன் பெட்டி கெட்டுப்போச்சுன்னு எழுந்துவந்து தட்டுவான், வெட்டுங்க" என்று பெவரல் மூன்று வாரம் சண்டை போட்டார். நான் வெட்டவில்லை.

நீங்கள் நினைத்த மாதிரி, ஃப்ராங்காக நடித்த ஹியூ டென்பி வசனத்தை மறக்கவில்லை மாமா. அங்கே வசனமே கிடையாது.

கண்ணாடி அறையில் உங்கள் குரலைக் கேட்டேன். "வா ஃப்ராங்க். வெளிய குளிரு. உக்காரு." ஹியூ உங்களைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அவர் உட்காரக்கூடாது. அடுத்த அரங்கில் அவருக்காகக் குழாய் திறந்தாகிவிட்டது, ஆளில்லாத தெருவில் மழை பெய்துகொண்டிருந்தது. ஹியூவின் முகம் நடுங்கியது, அழ ஆரம்பித்தார். பாரில் மது ஊற்றுபவராக நடித்த லியோனல் ப்ரூம் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கிளாஸை நிரப்பி அவர் முன்னால் வைத்தார். மூன்றாம் கேமராவிடம் நான், "நகராதே" என்றேன். அதைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை.

நாடகத்தை எழுதியவர் என்னோடு பேசாமல் போய்விட்டார். பெவரலின் அழைப்புக்காகக் காத்திருக்கிறேன்.

ஆவ்ரில்


ஆல்டர்ஷா
1959 மார்ச் 4

ஆவ்ரில்,

கதை தெரியாமல் நின்றேன், உண்மைதான்; அதற்கு முந்தின காட்சிகளில் காதில் விழுந்த ஃப்ராங்க் என்ற பெயர் மட்டும்தான் தெரியும். ஆனால் நான் கண்டதைச் சொல்லவா? ஒரு மனுஷன் கதவைத் திறந்துகொண்டு வருகிறான். வாய் திறக்கிறான், சத்தம் வரவில்லை. கண் இரண்டும் மீன்கடைப் பலகையில் கிடக்கிற மீனின் கண் மாதிரி இருக்கிறது. சுற்றி ஒருத்தனும் உதவவில்லை. முப்பது வருடமாகக் கிளப் மேடையில் நிற்கிறவனுக்கு இது என்னவென்று தெரியாதா? பாட வந்தவன் பாட்டை மறந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவன் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவேண்டும். எங்கள் கிளப்பில் அது சட்டத்துக்கு மேலே. கொடுக்காமல் வேடிக்கை பார்த்தவனுக்கு அதன் பிறகு யாரும் பீர் வாங்கித் தரமாட்டார்கள். ஹாரி என்ற ஒருத்தனுக்குப் பதினொரு வருடமாக யாரும் வாங்கித் தரவில்லை, அவன் இப்போது மதுவையே விட்டுவிட்டான்.

நான் எடுத்துக் கொடுத்தேன். அந்த மனுஷன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானே, அப்போது என் கையை அழுத்தினான் தெரியுமா? கேமராவில் தெரிந்திருக்காது. எலும்பு நொறுங்குகிற மாதிரி அழுத்தினான்.

இங்கே ஊர் எப்படி இருக்கிறது என்று கேள். கோச்சிலிருந்து இறங்கினேன், பேண்டு வாத்தியம் இல்லை, அவ்வளவுதான் குறை. முகம் தெரியவில்லையாம், ஆனால் குரலை எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஸ்டான்லி பக்லியே எழுந்து வந்து, "யோவ் வில்ஃப், நெஜமாவே நீதானாய்யா அது? என் பொண்டாட்டி அழுதுட்டா" என்று எனக்கு ஒரு கிளாஸ் வாங்கினான். ஆல்டர்ஷா வாரப் பத்திரிகைக்காரப் பயல் ஒருத்தன் நோட்டும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்திருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன்.

உன்னை வேலையை விட்டு அனுப்பினால் சொல். நானே பெவரலுக்கு எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தாலே பயப்படுவார்.

வில்ஃப் மாமா


லண்டன்
1959 மார்ச் 5

மாமா,

உங்கள் கடிதம் வருமுன் இதை எழுதுகிறேன். அவசரம்.

பத்திரிகைகளைப் பாருங்கள். நான்கு பத்திரிகைகள். நான்கிலும் அந்த இடம். "கண்ணுக்குத் தெரியாத ஒரு குரல், மூன்று சின்ன வாக்கியங்கள், ஒரு ஊர் ஒரு மனிதனை மன்னித்துவிட்டது" என்று ஒன்று. "இயக்குநரின் துணிச்சல்" என்று இன்னொன்று. நான் எந்த மௌனத்துக்காகச் சண்டை போட்டேனோ அதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

பெவரல் கூப்பிட்டார். எழுந்து நின்று கைகொடுத்தார். இதுவரை எனக்காக அவர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. "அந்த வரியைக் கடைசி நிமிஷத்துல சேர்த்தீங்களாமே. பார்ல இருந்த ப்ரூம்தானே சொன்னார்? நல்ல குரல்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒப்பந்தம் தயாராகிறது. வருடத்துக்கு ஆறு நாடகம், மூன்று வருடம். இந்தக் கட்டடத்தில் எந்தப் பெண்ணுக்கும் இதுவரை கிடைக்காதது.

அதனால் கேட்கிறேன். நடிகர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை இல்லாதவர் கேமரா முன்னால் ஒரு வார்த்தை பேசினாலும் சங்கம் விடாது. பேசியது என் சொந்த மாமா என்று தெரிந்தால், இனி என் நாடகத்தில் எந்த நடிகரும் நடிக்கக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள். நடிகர்கள் இல்லாத இயக்குநரை வைத்துக் கம்பெனி என்ன செய்யும்?

உங்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஸ்டுடியோ ஆட்கள் பேசமாட்டார்கள். லியோனல் ப்ரூமும் பேசமாட்டார், அவருக்கு வாழ்த்துகள் வந்துகொண்டிருக்கின்றன. நீங்கள் ஒருவர்தான்.

யாரிடமும் சொல்லாதீர்கள். உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஆவ்ரில்


ஆல்டர்ஷா
1959 மார்ச் 9

ஆவ்ரிலுக்கு,

நீ கேட்டது தாமதமாக வந்தது. பத்திரிகை வெள்ளிக்கிழமையே வெளிவந்துவிட்டது. இரண்டாம் பக்கம், சவ அடக்க விளம்பரங்களுக்கு மேலே. "நாட்டோடு பேசிய நம்மூர் வில்ஃப்." படம் நன்றாக வந்திருக்கிறது, தொப்பி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. உன் பெயரும் இருக்கிறது. என் தங்கை மகள் என்றும் இருக்கிறது.

சங்கம், அட்டை இதெல்லாம் எனக்கு நீ முன்னாலேயே சொல்லியிருக்கவேண்டும். நான் என்ன ஜோசியனா?

அதை விடு. அந்த லியோனல் ப்ரூம் யார்? என் வரிக்கு அவனுக்கு வாழ்த்தா? பெட்டியில் பார்த்தேன், ஐடாவின் அக்கா வீட்டுப் பெட்டியில், பேட்டி கொடுக்கிறான். "அந்தக் கணத்துல எனக்குள்ள இருந்து தானா வந்துச்சு" என்கிறான். அவனுக்குள்ளிருந்து என்ன வரும், ஏப்பம்தான் வரும். ஒரு கிளாஸ் பீரைக்கூட நுரை வழியாமல் ஊற்றத் தெரியாதவன். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், பாதி தரையில்.

நீ என்னிடம் எதைக் கேட்கிறாய் தெரியுமா? நான் சொல்கிற எதையும் இந்த ஊரில் பாதியாக்கித்தான் கேட்பார்கள். பிளாக்பூலை மொர்க்கம் ஆக்குவார்கள், சிங்கத்தைப் பூனை ஆக்குவார்கள். நானும் அதற்காகத்தான் இரண்டு மடங்காகச் சொல்கிறேன், பாதி போனாலும் சரியாக இருக்குமே என்று. இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் ஐடா குறுக்கே பேசுவதில்லை. பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறாள்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. மாட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. சரி என்று எழுதவும் வரவில்லை.

வில்ஃப்


லண்டன்
1959 மார்ச் 17

அன்புள்ள மாமா,

பத்திரிகைத் துண்டை யாரோ சங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கிராஸ்பி என்பவர் விசாரிக்கிறார். முன்னாள் நடிகர், ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார், அதுதான் பயமாக இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை அவர் ஆல்டர்ஷாவுக்கு வருகிறார். அடுத்த வியாழக்கிழமை குழு கூடும். அங்கே நான் உட்காரவேண்டும். "அந்த வரியைச் சொன்னது யார்?" என்று கேட்பார்கள்.

ஒப்பந்தம் மேஜைமேல் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

தினமும் கண்ணாடி முன்னால் நின்று "லியோனல் ப்ரூம்" என்று சொல்லிப் பார்க்கிறேன். முதல் எழுத்திலேயே என் காது சிவந்துவிடுகிறது. சின்ன வயதில் ஜாம் பாட்டிலை உடைத்துவிட்டு அம்மாவிடம் பூனை என்று சொன்னபோதும் இப்படித்தான். நம் வீட்டில் பூனையே கிடையாது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். வியாழக்கிழமை உண்மையைச் சொல்லப்போகிறேன். எனக்காக நீங்கள் எதையும் மறைக்கவேண்டாம். கிராஸ்பி கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஆறு நாடகம் போனால் போகட்டும்.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஹியூ டென்பியின் முகம் எனக்குத் தினமும் நினைவு வருகிறது. நான் யோசித்த முடிவு கெட்டிக்காரத்தனமானது. நீங்கள் செய்தது அதைவிட நல்லது. ஒத்திகை பார்த்து, கணக்குப் போட்டு, மூன்று வாரம் சண்டை போட்டு எனக்கு வராதது, கதை தெரியாமல் நின்ற உங்களுக்கு வந்தது. அன்று என் கோபத்துக்கு உண்மையான காரணம் அதுதான்.

ஈஸ்டருக்கு ஊருக்கு வருகிறேன். அப்போது எனக்கு வேலை இருக்காது, நிறையப் பேசலாம்.

ஆவ்ரில்


ஆல்டர்ஷா
1959 மார்ச் 22, ஞாயிறு

என் கண்ணு ஆவ்ரில்,

உட்கார்ந்து படி. டீ போட்டு வைத்துக்கொள். இது பெரிய கதை, இதில் நான் பிரமாதமாக வருகிறேன்.

நேற்று கிராஸ்பி கிளப்புக்கே வந்துவிட்டார். வீட்டுக்கு வந்திருந்தால் வேறு விதமாகப் போயிருக்கும். சனிக்கிழமைக் கூட்டம், நாற்காலி இல்லாமல் சுவரோரம் நின்றார்கள், ஊரில் பாதி அங்கே. நான் மேடையில் மைக்கோடு நிற்கிறேன். ஸ்டான்லி பக்லி அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, "இதோ இருக்காரே, இவர்தாங்க எங்க டெலிவிஷன் ஸ்டார்!" என்றான். அரங்கமே கை தட்டியது.

நல்ல மனுஷன் கிராஸ்பி. கோட்டும் சூட்டும், மாதாகோயில் பாதிரியார் மாதிரி முகம். தொப்பியைக் கழற்றிவிட்டு, "மிஸ்டர் டாட்டர்சால், மார்ச் ஒண்ணாம் தேதி லண்டன்ல அந்த நாடகத்துல பேசினது நீங்கதானா?" என்று கேட்டார்.

உன் கடிதம் என் உள் பாக்கெட்டில் இருந்தது.

"ஐயா," என்றேன், "நான் லண்டனுக்கே போனதில்லீங்க."

கை தட்டல் நின்றுபோனது. ஸ்டான்லி, "டேய் வில்ஃப், என்னடா சொல்றே?" என்றான்.

"மொர்க்கத்துல பொண்டாட்டியோட அக்கா வீட்ல இருந்தேன். பெட்டியில அந்தக் குரலைக் கேட்டேன், நம்ம குரல் மாதிரியே இருக்கேன்னு தோணுச்சு. ஊருக்கு வந்து நாந்தான்னு சொல்லிட்டேன்."

"பத்திரிகையில போட்டிருக்காங்களே?"

"அந்தப் பையனுக்கு நாலு கிளாஸ் வாங்கிக் கொடுத்தேன் சார். இன்னும் ரெண்டு வாங்கிக் கொடுத்திருந்தா என்னைப் பிரதம மந்திரின்னு போட்டிருப்பான்."

சிலபேர் சிரித்தார்கள். சிலபேர் சிரிக்கவில்லை. கிராஸ்பி சும்மா விடுகிற ஆளில்லை. ஐடாவைப் பார்த்துத் திரும்பி, "அம்மா, இது நெஜமா?" என்றார். என்னோடு குடித்தனம் நடத்திய நாற்பத்தோரு வருடத்தில் நான் சொன்ன ஒரு கதைக்கும் ஆமாம் போட்டவள் இல்லை அவள். ஐடா பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் கண்ணைப் பார்த்து, "ஆமாங்க. அங்கதான் இருந்தார். கால் வீங்கிப்போய், பித்தளைத் தொட்டியில உப்புத் தண்ணி ஊத்தி வெச்சுக்கிட்டு, ஊருக்கே கேக்கற மாதிரி முனகிக்கிட்டிருந்தார்" என்றாள். பித்தளைத் தொட்டி! அவள் அக்காவிடம் இருப்பது தகரத் தொட்டிதான். திறமையை இத்தனை வருடம் ஒளித்து வைத்திருக்கிறாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கிராஸ்பி நோட்டை எடுத்தார். பிறகு மெதுவாக, "நான் அந்த நாடகத்தைப் பார்த்தேன். அந்தக் குரல் எனக்கு மறக்காது. நீங்க அந்த வரியை ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன்" என்றார்.

ஆவ்ரில், அந்த இடத்தில் நான் செய்ததை எந்த லண்டன் நடிகனும் செய்யமுடியாது. எல்லாரும் பார்க்கிறார்கள். மைக் வாய்க்கு நேராக இருக்கிறது. நல்லபடியாகச் சொல்வது எனக்கு எவ்வளவு சுலபம்! வாய் தானாக அந்தப் பக்கம்தான் போகப் பார்த்தது. இழுத்துப் பிடித்தேன். மார்பில் கை வைத்துக்கொண்டு, சீமான் வீட்டுப் பையன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒப்பிக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, "வாராய், ஃப்ராங்க்! வெளியிலே குளிராக இருக்கிறது!" என்றேன். கடைசிச் சொல்லை விட்டே விட்டேன், மறந்துபோன மாதிரி.

ஒருத்தரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பிறகு சிரித்தார்கள் பார். பிளாக்பூல் இரண்டாயிரம் பேர் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஸ்டான்லி பக்லி மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். அவன் பெண்டாட்டி சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏமாற்றியதாக நினைக்கிறாள் போலிருக்கிறது. அவ்வளவு மோசமாகச் சொல்வதற்கு அசாத்தியத் திறமை வேண்டும், அது அவளுக்கு எங்கே புரியப்போகிறது? கிராஸ்பியே வாயைப் பொத்திக்கொண்டார். நோட்டில் ஒரு கோடு போட்டு மூடிவிட்டு, "வீண் அலைச்சல்" என்றார். போகும்போது என் தோளைத் தட்டினார். இருபது வருடத்தில் இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லை என்று அவர் கண்ணே சொன்னது.

அவர் போன பிறகு கமிட்டி கூடியது. சனிக்கிழமை மைக்கை இனிமேல் ஸ்டான்லி பிடித்துக்கொள்ளட்டும் என்று முடிவு. மேடையில் நின்று அறிவிக்கிறவன் சொல்வதை மக்கள் நம்பவேண்டுமாம். என் தொண்டைக்கும் ஓய்வு தேவைதான், நானே பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டான்லிக்கு மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்கவேண்டும் என்றுகூடத் தெரியாது. பாவம் அந்தக் கூட்டம்.

பத்திரிகையில் அடுத்த வெள்ளிக்கிழமை மறுப்பு போடுவார்கள். படம் இல்லாமல்.

ஆகவே வியாழக்கிழமை குழுவில் உன்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கிராஸ்பியின் நோட்டில் கேள்வியே இல்லை. கேட்காத கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்லித் தொலைக்காதே, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. பொய் சொல்லவேண்டியவர்கள் சொல்லியாகிவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு. மூன்றாம் கேமராவிடம் நகராதே என்று சொன்னது நீதானே? அது லியோனல் ப்ரூம் இல்லையே? அதற்குத்தான் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்.

உன் கடைசிக் கடிதத்தில் என்னைப் பற்றி ஒன்று எழுதியிருந்தாய். அதை ஐடாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். பிறகு அடுப்பில் போட்டுவிட்டேன். வீட்டில் அப்படிப்பட்ட காகிதம் இருக்கக்கூடாது.

ஈஸ்டருக்குக் கட்டாயம் வா. ஐடா ஆட்டுக்கால் சொல்லி வைத்திருக்கிறாள். வீட்டோடு இரு. கிளப் பக்கம் மட்டும் வரவேண்டாம். அங்கே இப்போது நான் உள்ளே நுழைந்தாலே, "வாராய் ஃப்ராங்க்!" என்று நாலு பேர் எழுந்து நின்று கத்துவார்கள். எனக்கு ஒன்றுமில்லை, நானும் சேர்ந்து சிரிக்கிறேன். உனக்குப் பொறுக்காது. உண்மையைச் சொல்லிவிடுவாய்.

உன் மாமா,
வில்ஃப் டாட்டர்சால்